13-ஆம் நம்பர் அறை

லண்டனுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு ஜாபிதா இருக்கும். அரண்மனை வாசலில் காவல் மாறும் வைபவம், தேம்ஸ் நதிப் பாலம், மெழுகுப் பொம்மைகள். சங்கீதப் பித்து உள்ளவர்களானால் ஆபி ரோடுக்குப் போய், பீட்டில்ஸ் நால்வரும் வரிசையாக நடந்த கோடு போட்ட பாதையில் தாங்களும் நடந்து, படம் பிடித்துக்கொண்டு, காத்திருக்கும் டிரைவரிடம் வசவும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அங்கெல்லாம் உங்களை நான் அழைத்துப் போகப் போவதில்லை. அதே வட்டாரத்தில் கொஞ்சம் மேற்கே தள்ளி, ஒருவரும் படம் பிடிக்காத வீதி ஒன்று இருக்கிறது. டெலாவேர் ரோடு என்று பெயர். அங்கே வாருங்கள்.

பாதாள ரயிலில் போகலாம். பேக்கர்லூ மார்க்கத்தில் மைடா வேல் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இந்த ஸ்டேஷனுக்கே ஒரு விசேஷம் உண்டு. 1915 ஜூன் மாதம் இதைத் திறந்தபோது ஆண்பிள்ளைகள் பலர் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே இங்கே எல்லா வேலைக்கும் பெண்களையே நியமித்தார்கள். லண்டன் பாதாள ரயிலில் முழுக்க முழுக்கப் பெண்களே நடத்திய முதல் ஸ்டேஷன் இதுதான். நாம் பார்க்கப் போகிற சங்கதிக்கு இதைவிடப் பொருத்தமான வாசற்படி கிடைக்காது.

டெலாவேர் ரோட்டின் இரு பக்கமும் சிவப்புச் செங்கல் மாளிகைக் குடியிருப்புகள். நடுவே, அவற்றோடு சேராமல், வெள்ளை முகப்புடன் நீளமாக, குள்ளமாக ஒரு கட்டடம். 1909-ல் இது சக்கர ஜோடு மாட்டிக்கொண்டு சறுக்கி விளையாடும் 'அரண்மனை'யாக எழுந்தது. சறுக்கு மோகம் போனதும், 1934-ல் பி.பி.சி. ரேடியோ ஸ்தாபனம் இதை எடுத்துக்கொண்டு, தன் பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு இருப்பிடமாக்கிற்று. 2020-ல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2023-ல் பி.பி.சி. இதை விற்றுவிட்டது. வாங்கியவர்களில் ஒருவர் சினிமா சங்கீதத்தில் பேர் போன ஹான்ஸ் சிம்மர். ஆக, சங்கீதத்தின் கையை விட்டு இன்னும் போகவில்லை.

இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. எதிர்ச்சாரியில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதனால் பரவாயில்லை. நமக்கு வேண்டியது இந்தக் கட்டடத்துக்குள் 13-ஆம் நம்பர் அறையாக இருந்த ஓர் அறை. அது இப்போது நினைவில்தான் இருக்கிறது.

1958 ஏப்ரல் மாதம் முதல் தேதி அந்த அறையில் 'ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்' என்ற பட்டறை ஆரம்பமாயிற்று. தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வாஸ்தவமாகவே அன்றுதான்! ரேடியோ நாடகங்களில் ஒருவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, ஒருத்தி சொப்பனம் காண்கிறாள் என்றால், அதற்குப் பிடிலும் புல்லாங்குழலும் போதவில்லை. யாரும் கேட்டிராத ஓசை வேண்டும். அதைத் தயார் செய்து தருவதுதான் பட்டறையின் உத்தியோகம். மற்ற இலாகாக்கள் வேண்டாம் என்று தள்ளிய பழைய யந்திரங்கள் இங்கே வந்து சேர்ந்தன. ஆரம்பித்தவர்கள் இருவர்: டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பவரும், டாப்னி ஓராம் என்ற பெண்மணியும். பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கில அறிஞர் தாம் கற்பனை செய்த தீவு ஒன்றில் 'ஓசைக் கூடங்கள்' இருப்பதாக எழுதியது 1627-ல் அச்சாயிற்று. அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து ஓராம் அம்மையார் பட்டறையில் ஒட்டி வைத்தாராம். முந்நூறு வருஷத்துக் கனவைச் சுவரில் மாட்டிவிட்டு வேலையைத் துவக்கியிருக்கிறார்!

யந்திரம், யந்திரம் என்கிறேனே, கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சிந்தசைசர் என்ற வாத்தியம்கூட அந்த அறைக்கு இன்னும் வரவில்லை. அங்கே இருந்தவை டேப் ரிகார்டர்கள், பரிசோதனைக்காக 'உய்ய்' என்று ஒரே சுருதியில் ஒலி கொடுக்கும் பெட்டிகள், ஒரு சவர பிளேடு, ஒரு மஞ்சள் பென்சில், ஒட்டுகிற பட்டை. அவ்வளவுதான்.

ஒலி எப்படிச் சங்கீதமாயிற்று? உங்களுக்குப் பூத் தொடுக்கத் தெரியும். ஆகவே இதுவும் தெரிந்த மாதிரிதான். ஒலிப்பதிவு நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி நீடிக்கும் ஸ்வரம் 15 அங்குல நாடா. கால் நொடி ஸ்வரம் மூன்றே முக்கால் அங்குலம். ஒரே ஒரு தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டி அதைப் பதிவு செய்துகொள்வது. நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் அதே ஒலி மேல் ஸ்தாயிக்குப் போய்விடும். பாதி வேகத்தில் ஓட்டினால் கீழ் ஸ்தாயி. இடைப்பட்ட வேகங்களில் இடைப்பட்ட ஸ்வரங்கள். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தயார் செய்து, வேண்டிய நீளத்துக்கு பிளேடால் நறுக்கி, ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது. தாளம் என்பது அடிகோலில் இருக்கிறது! ஒரு முழம் மல்லிகை தொடுக்கிற நேரத்தில் ஒரு ஆவர்த்தனம் தேறினால் அதிர்ஷ்டம்.

இப்படித் தொடுத்த மாலைகளில் ஒன்று உலகப் பிரசித்தி அடைந்தது. 1963 நவம்பர் 23-ஆம் தேதி பி.பி.சி. டெலிவிஷனில் 'டாக்டர் ஹூ' என்ற தொடர் துவங்கிற்று. காலத்தில் முன்னும் பின்னும் பிரயாணம் செய்யும் ஓர் ஆசாமியின் கதை. அதைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம் பெண். முதல் கதையை டைரக்ட் செய்தவர் நம் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். இவருடைய தாயார்தான் ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ் பெற்ற அத்தியா ஹொசைன். தொடரின் முகப்பு சங்கீதத்தை ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மெட்டு இருந்தது, கீழ் ஸ்தாயி இருந்தது, ஓசைக்கு மட்டும் 'மேகம்', 'காற்றுக் குமிழி' என்கிற மாதிரி குறிப்புகள்! மேகத்தை எந்த வாத்தியத்தில் வாசிப்பது? எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். தாள் வந்து சேர்ந்த இடம், 13-ஆம் நம்பர் அறையின் பட்டறையில் வேலை பார்த்த 26 வயதுப் பெண் டெலியா டார்பிஷரின் மேஜை.

டெலியாவும், அவருக்கு உதவியாக இருந்த டிக் மில்ஸும் ஒவ்வொரு ஸ்வரமாகத் தொடுத்தார்கள். கீழ் ஸ்தாயிக்கு ஒரு நாடா, மெட்டுக்கு ஒரு நாடா, மேகத்துக்கும் காற்றுக்கும் இன்னொன்று. பல பாட்டைகளில் பதிகிற யந்திரம் அங்கே கிடையாது. ஆகையால் எல்லா நாடாக்களையும் வெவ்வேறு யந்திரங்களில் மாட்டி, ஒரே சமயத்தில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று ஓடவிட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தார்கள். எங்கேயோ ஒரு ஸ்வரம் தப்பி நின்றது. எங்கே என்று காதுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நாடாக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, இதோ இந்தக் கட்டடத்தின் மிக நீளமான நடையில் பக்கம் பக்கமாகத் தரையில் விரித்தார்கள். ஒட்டுப் போட்ட இடங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஓர் இடத்தில் ஒட்டு கோணலாகப் போயிருந்தது. அபஸ்வரத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் சங்கீத சரித்திரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர் பிரமித்து, "இதையா நான் எழுதினேன்?" என்றாராம். டெலியா, "பெரும்பாலும்" என்றாராம். கிரெய்னர் யோக்கியர். 'இதில் பாதிப் பெருமை இந்தப் பெண்ணுக்கு. என்னோடு அவள் பெயரையும் போடுங்கள்' என்று கேட்டார். பி.பி.சி. சம்மதிக்கவில்லை. பட்டறை ஊழியர்களின் தனிப் பெயரை வெளியிடும் வழக்கம் கிடையாது என்பது அவர்கள் சட்டம். திரையில் பட்டறையின் பெயர் வந்தது. பட்டறையில் யார் என்பது வரவில்லை.

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் கால் ஆறுவோம். தெற்கே பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் கால்வாய்கள் கூடும் இடம். 'குட்டி வெனிஸ்' என்கிறார்கள். குறுகலான படகுகள், படகுகளிலேயே குடித்தனம், கரையில் தேநீர்க் கடைகள். நான் போன அன்று அடுத்த மேஜையில் மூன்று பேர் மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலை நரைத்த பெரியவர். ஒருவன் தாடி வைத்த வாலிபன். மூன்றாவது ஆள், மடிக் கம்ப்யூட்டரும் காதில் மாட்டும் கருவியுமாக ஓர் இளம் பெண். டெலியாவின் பெயர் காதில் விழுந்ததும் நான் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். மின்சார சங்கீத ரஸிகர்கள்! நம் ஊர் சபா வாசலில் காபி சாப்பிட்டபடி பாடகரின் நிரவலைப் பிய்த்து உதறுகிறவர்களுக்கு இவர்கள் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல.

"நான் அப்போது ஏழு வயதுப் பையன்" என்றார் பெரியவர். "அந்த சங்கீதம் ஆரம்பித்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவேன். பயம்! ஆனாலும் கேட்க வேண்டும். மனிதர்கள் செய்ததாகவே தோன்றவில்லை. அதுதானே ருசி?"

"பயம் எல்லாம் சரி, ஐயா. ஆனால் தந்தியை மீட்டிப் பதிவு செய்தால் தந்தியின் குணம் அதில் ஒட்டிக்கொண்டுதானே வரும்?" என்றான் வாலிபன். "ஒன்றும் இல்லாததிலிருந்து ஓசையை உண்டாக்க வேண்டும். ஜெர்மானியர்கள் செய்தது அதுதான்."

அவன் சொன்னது கொலோன் நகரத்து ரேடியோ நிலையத்தை. 1950-களின் துவக்கத்தில் ஹெர்பர்ட் ஐமர்ட் என்பவர் தலைமையில் அங்கே ஒரு கூடம் அமைத்தார்கள். கலப்பே இல்லாத சுத்தமான ஒற்றை ஒலி, அதாவது ஸ்வரத்தின் அணு, அதை யந்திரத்தில் உண்டாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப்படி சங்கீதம் கட்டுவது அவர்கள் கட்சி. அதற்கு நேர் எதிர்க்கட்சி பாரிஸில் இருந்தது. பியர் ஷேஃபர் என்ற ரேடியோ என்ஜினீயர் 1948-ல் ஒரு ரயில்வே யார்டுக்குப் போய், என்ஜின்களின் பெருமூச்சு, சக்கரங்களின் தடதடப்பு, ஊதல் இவற்றைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அதையே ஓர் உருப்படியாக ரேடியோவில் ஒலிபரப்பினார். உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓசைகளை எடுத்து ஆள வேண்டும் என்பது அவர் கட்சி. இந்த இரண்டு கட்சிக்காரர்களும் அந்நாளில் ஒருவரை ஒருவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தச் சண்டை 1956-லேயே தீர்ந்துவிட்டதே!" என்றாள் பெண். "ஸ்டாக்ஹவுசன் கொலோனில் உட்கார்ந்துகொண்டே ஒரு சிறுவனின் குரலையும் யந்திர ஒலியையும் ஒன்றாகக் குழைத்துவிட்டாரே. குரல் எங்கே முடிகிறது, யந்திரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டுங்கள், பார்க்கலாம். டெலியா செய்ததும் அதுதான். விளக்கு மூடி ஞாபகம் இல்லையா?"

விளக்கு மூடிக் கதையை உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். சகாரா பாலைவனத்தில் நீலத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளும் துவாரெக் என்ற நாடோடி ஜாதியார் உண்டு. முகத்திரை அங்கே ஆண்களுக்கு! 1967-ல் அவர்களைப் பற்றிய ஒரு டெலிவிஷன் படத்துக்கு டெலியா சங்கீதம் அமைத்தார். பாலைவனத்தின் கானல் அசைவதை ஓசையில் காட்ட வேண்டும். பட்டறையில் பச்சை வர்ணம் அடித்த ஒரு பழைய தகர விளக்கு மூடி கிடந்தது. அதைத் தட்டினார். அழகான நாதம். நாம் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறோமே, அந்தக் காரியம்தான். ஆனால் டெலியா அதோடு விடவில்லை. தட்டியதைப் பதிவு செய்து, 'டக்' என்று முதலில் விழும் அடியை மட்டும் நீக்கிவிட்டார். மிஞ்சியது எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத ரீங்காரம். பிறகு அந்த ரீங்காரத்துக்குள் என்னென்ன ஸ்வரங்கள் ஒளிந்திருக்கின்றன என்று ஆராய்ந்து, அதே ஸ்வரங்களை பட்டறையின் 12 ஒலிப் பெட்டிகளில் ஏற்றி மறுபடி உண்டாக்கினார். பாரிஸ் வழியில் புறப்பட்டு, கொலோன் வழியாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்! கேம்பிரிட்ஜில் கணிதமும் சங்கீதமும் படித்தவர் என்பது சும்மா இல்லை.

இளம் பெண் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். "இப்போது நாலு அட்சரம் செய்துவிட்டால் போதும், ஐயா. மிச்சத்தை இது தானே திருப்பித் திருப்பிப் போட்டுவிடும். கச்சிதமாக, மயிரிழை பிசகாமல். அதனால்தான் உயிரில்லை. நான் என்ன செய்கிறேன் தெரியுமா? எல்லாம் ஆன பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்."

"கோணலாக்கவா ராத்திரி முழுதும் விழிக்கிறாய்?" என்று வாலிபன் சிரித்தான்.

"அடுத்த ஆவர்த்தனம் முந்தியதைப் போலவே இருந்தால் யார் அம்மா காத்திருந்து கேட்பார்கள்? நீ செய்வதுதான் சரி" என்றார் பெரியவர். எனக்கும் அவர் கட்சிதான். ஒரே கமகத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடும் வித்துவானைக் கேட்க யார் டிக்கெட் வாங்குகிறார்கள்?

நான் யார், எந்த ஊர் என்று விசாரித்தார்கள். இந்தியா என்றதும் அந்தப் பெண், "அகமதாபாத் நாடாக்கள்!" என்று கூவினாள். நம் சங்கதி நமக்கு அந்நிய ஊரில்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அகமதாபாத்தில் தேசிய டிசைன் கல்விக்கூடம் இருக்கிறதல்லவா? 1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அங்கே ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டு வந்து ஒரு மின்சார சங்கீதக் கூடம் அமைத்தார். இதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். மிருதங்கமும் பக்கவாஜும் பயின்ற பெண்மணி. 1946-ல் நியூயார்க்குக்குப் போய், ஜான் கேஜ் என்ற புதுமை இசைக்காரருக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்து, அவரிடமிருந்து மேல்நாட்டு சங்கீதம் கற்றுக்கொண்டவர். அகமதாபாத் கூடத்தில் கீதாவும் வேறு சில இந்தியர்களும் செய்து பார்த்த உருப்படிகள் நாடாக்களில் பல காலம் தூங்கிக் கிடந்தன. லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுக்க, 2023-ல் இசைத்தட்டாக வந்திருக்கிறது.

"பரணில் கிடந்து, பிறகு வெளிவருகிற நாடாக்கள்! எல்லா ஊரிலும் இதே கதைதானா?" என்றார் பெரியவர்.

டெலியாவின் கதையை அறிய கவென்ட்ரிக்குப் போக வேண்டும். யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவர் பிறந்தது அங்கே, 1937-ல். 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தைக் குண்டு வீசி அழித்தபோது டெலியாவுக்கு மூன்று வயது. பழைய தேவாலயத்தின் நாலு சுவரும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. அவற்றை அப்படியே வானம் பார்க்க விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டி 1962-ல் திறந்தார்கள். அந்த மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது ஊர்ச் சத்தம் விலகிப் போய்விடுகிறது. விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கும் சங்கு ஏறி ஏறி இறங்குமே, அதைத்தான் தமது முதல் மின்சார சங்கீதம் என்று டெலியா பிற்பாடு சொன்னார். குண்டு வீச்சுக்குப் பிறகு குழந்தையை வடக்கே பிரெஸ்டன் என்ற ஆலை நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விடிகாலையில் ஆலைக்குப் போகும் தொழிலாளிகளின் மரக்கட்டைச் செருப்புகள் கல் பாவிய தெருவில் எழுப்பிய சத்தமும் அவருடைய காதை விட்டுப் போகவில்லையாம். 'டாக்டர் ஹூ' சங்கீதத்தில் அடியில் அந்த ஓட்டமும், மேலே அந்தச் சங்கும் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதில்லை. என் காதுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

பட்டம் பெற்று வந்து, 1959-ல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. மறு வருஷம் பி.பி.சி.யில் சேர்ந்து, 1962-ல் பட்டறைக்கு வந்தார். 1973-ல் விலகிவிட்டார். சாவிப் பலகை வைத்த சிந்தசைசர்கள் பட்டறைக்குள் வந்தது அவருக்கு ருசிக்கவில்லை. தட்டினால் ஸ்வரம் வருகிறது. ஓசையை உள்ளே புகுந்து கடைகிற வேலை போய்விட்டது. பிறகு என்ன செய்தார்? காஸ் குழாய் பதிக்கும் வேலையில் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்தார்! ஒரு ஓவியக் கூடத்தில் உதவி செய்தார். நார்த்தாம்ப்டனில் குடியேறி, 2001 ஜூலையில், 64-ஆம் வயதில் காலமானார். 'டாக்டர் ஹூ' திரையில் அவருடைய பெயர் முதல் தடவையாக வந்தது 2013-ல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். கிரெய்னரும் அதைப் பார்க்க இல்லை, டெலியாவும் இல்லை.

நம் சங்கீதத்தில் சாகித்தியம் ஒருவர், வர்ணமெட்டு அமைத்தவர் ஒருவர் என்றால் புத்தகத்தில் இரண்டு பெயரையும் அச்சிடுகிறோம். ஆனால் சினிமாப் பாட்டில் பிடில் வாசித்தது யார் என்று யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்! ஆகையால் பி.பி.சி.யை மட்டும் ரொம்பவும் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஓர் இடம் பாக்கி. முதலில் சொன்ன டாப்னி ஓராம் என்ன ஆனார்? அதற்கு லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் ஜில்லாவுக்குப் போக வேண்டும். பீருக்குக் கசப்புச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை உலர்த்துவதற்காக அந்தப் பக்கத்தில் உருண்டையான சூளை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மேலே கூம்புக் கூரை. கூம்பின் நுனியில் காற்றுக்குத் திரும்பும் வெள்ளைக் குல்லாய். தூரத்திலிருந்து பார்த்தால் சூனியக்காரக் கிழவிகள் கூடி நின்று வம்பளப்பது போல இருக்கும். ராத்தம் என்ற ஊருக்கு அருகே இப்படிப்பட்ட ஒரு சூளை வீட்டில்தான், 'டவர் ஃபாலி' என்று பெயர், டாப்னி தமது சொந்தக் கூடத்தை வைத்தார். பட்டறை ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1959 ஜனவரியில் பி.பி.சி.யை விட்டுவிட்டார். நாடகத்துக்குப் பின்னணி ஓசை செய்து கொடுப்பது மட்டும் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். தனியாகச் சங்கீதமே இயற்ற வேண்டும் என்பது இவர் ஆசை.

டாப்னி ரேடியோவுக்கு வந்தது யுத்த காலத்தில், 1943-ல், பதினேழு வயதில். ராயல் இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றுவிட்டு வந்தார். ஆல்பர்ட் மண்டபக் கச்சேரிகளின்போது அதே உருப்படியின் இசைத்தட்டைக் கச்சேரியோடு சேர்த்து ஓட்டிக்கொண்டிருப்பது அவர் வேலைகளில் ஒன்று. குண்டு விழுந்து கச்சேரி நின்றால், ரேடியோ கேட்பவர்களுக்குத் தெரியாமல் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்! ஒலியின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவியை அந்த நாளில் பார்த்தார். 'ஒலியைக் கொடுத்தால் கோடு வருகிறதே, நான் கோடு வரைந்து கொடுத்தால் ஒலி வராதா?' என்று கேட்டார். கேள்வி கேட்ட பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் கேள்வி அவரை விடவில்லை.

சூளை வீட்டில் அதைச் செய்தே காட்டினார். குல்பென்கியன் அறக்கட்டளை 1962-லும் 1965-லும் பணம் கொடுத்தது. 'ஓராமிக்ஸ்' என்று தம் பெயரையே வைத்த அந்த யந்திரத்தில் பத்து சினிமாப் பிலிம் சுருள்கள் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றின் மேல் கறுப்பு மையால் வரைய வேண்டும். ஒரு கோடு சுருதிக்கு, ஒரு கோடு ஓசை பெருகவும் தேயவும், ஒன்று அசைவுக்கு. ஓசையின் குணத்துக்குக் கண்ணாடியில் தனியாக ஓர் அலை வரைய வேண்டும். கீழிருந்து வெளிச்சம் விழும்; கோடு மறைக்கிற அளவுக்கு ஏற்ப ஒளியை உணரும் கண் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும்; அது ஓசையாகிவிடும். கோலப் பொடியை விரலிடுக்கில் விடும்போது கை கொஞ்சம் நடுங்கினால் இழையில் தெரிகிறதல்லவா? அந்த நடுக்கமும் சங்கீதத்தில் வர வேண்டும் என்பதுதான் டாப்னியின் குறிக்கோள். பியானோவின் கட்டைக்கு நடுக்கம் தெரியாது, எழுத்துக்குத் தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரங்களுக்கு ஓசை செய்து கொடுத்தார். 'தி இன்னசன்ட்ஸ்' என்ற 1961-ஆம் வருஷத்துப் பேய்ப் படத்தில் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் ஓசைகள் அவருடையவை. அதிலும் பெயர் போடவில்லை. அவர் 1940-களின் கடைசியில் இரண்டு வாத்தியக் கோஷ்டிகளையும் சுழலும் இசைத்தட்டுகளையும் சேர்த்து எழுதிய 'ஸ்டில் பாயிண்ட்' என்ற பெரிய உருப்படியை பி.பி.சி. வாசிக்க மறுத்துவிட்டது. டாப்னி 2003-ல் காலமானார். 2018-ல் அதே பி.பி.சி. நடத்தும் புராம்ஸ் விழாவில், அதே ஆல்பர்ட் மண்டபத்தில் அதை வாசித்தார்கள். ஓராமிக்ஸ் யந்திரம் லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச்சாலையின் சேகரத்தில் சேர்ந்துவிட்டது. சற்றே விகாரமான உருவம்; பழைய மர அலமாரியும் தையல் மிஷினும் கல்யாணம் செய்துகொண்டது போல. டாப்னி திட்டம் போட்டும் முடிக்காமல் விட்ட சின்ன ஓராமிக்ஸ் ஒன்றை, டாம் ரிச்சர்ட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் 2016-ல் அவருடைய குறிப்புகளைப் பார்த்தே கட்டி முடித்தார். வேலை செய்கிறது!

டெலாவேர் ரோட்டுப் பட்டறை 1998-ல் மூடப்பட்டது. டெலியா மறைந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 நாடாக்கள் கிடைத்தன. காலை உணவுத் தானியம் வருகிற அட்டைப் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தாராம். அவை மாஞ்செஸ்டர் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நகரத்தில் அவர் பெயரால் ஒரு தினமே கொண்டாடுகிறார்கள். நாடாக்களில் ஒன்றைக் கேட்டவர்கள், 1960-களின் கடைசியில் செய்த அந்தத் துண்டு முப்பது வருஷம் கழித்து நடன விடுதிகளில் முழங்கிய தாளத்தை முன்பே போட்டுவிட்டது என்று வியந்தார்கள். நடுவே டெலியாவின் குரலும் கேட்கிறது. இதை மறந்துவிடுங்கள், சும்மா ஒரு சுவாரஸ்யத்துக்குத்தான் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்.

இவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் வீட்டிலேயே டெலிபோனில் தேடி, 1963-ஆம் வருஷத்து 'டாக்டர் ஹூ' முகப்பைக் கேட்கலாம். பிற்காலத்துப் பதிப்புகள் பல உண்டு, அவற்றை எடுத்துவிடாதீர்கள். சமையல் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை மேலே ஊளையிட்டு ஏறுகிற மெட்டை விட்டுவிட்டு, அடியில் ஓடும் தந்தியை மட்டும் கவனியுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே பலத்தில் விழவில்லை என்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு துண்டு நாடா. இரண்டு துண்டுக்கு நடுவில் ஒட்டு இருக்கிறது. குழந்தைகள் தூங்கிவிட்டார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.